உயிர்மீட்பும் முன்னறிவும்: கொழும்பின் அவசர சிகிச்சையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு குறித்துத் தமிழிலே இதுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை மருத்துவ நூல்களின் வரலாறாகவோ, மருத்துவர்களின் வாழ்க்கை வரலாறாகவோ, நிறுவனங்களின் தோற்றம் பற்றிய குறிப்புகளாகவோ அமைந்துள்ளன. மருத்துவத் தீர்ப்பு ஒன்றின் வரலாறு, அதாவது ஒரு நோயாளி பிழைப்பானா மாட்டானா என்று சொல்லும் உரிமை எவரிடம் இருந்தது, எந்த ஆதாரத்தைக் கொண்டு அத்தீர்ப்பு வழங்கப்பட்டது, அது எவருக்குச் சாதகமாயிற்று என்பன பற்றிய வரலாறு, எம்மிடையே அதிகம் ஆராயப்படாத துறையாகும். அத்துறையின் ஒரு கூறினை மாத்திரம் இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. இருதயத் துடிப்பு நின்றுபோன ஒருவரை மார்பை அழுத்தியும் செயற்கைச் சுவாசம் கொடுத்தும் மீட்க முயலும் வேளையில், அம்முயற்சியின் விளைவை முன்கூட்டியே அறிய மருத்துவம் கைக்கொண்ட வழிகள் எவை, அவை எத்தகைய சமூகச் சூழலிலே பிறந்தன, அவற்றைக் கொழும்பு போன்ற ஒரு நகரத்துக்கு அப்படியே கொண்டுவருதல் தகுமா என்பவையே எமது வினாக்கள்.

கொழும்பை முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. மருதானைப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், மருதானைக்கும் பொரளைக்கும் இடைப்பட்ட பகுதியில், இந்நாட்டின் மிகப் பெரிய அரசாங்க வைத்தியசாலை அமைந்துள்ளது. 1864இல் கொழும்புப் பொது வைத்தியசாலையாகத் தொடங்கிய அந்நிறுவனம் இன்று இலங்கைத் தேசிய வைத்தியசாலை என வழங்குகின்றது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட கட்டில்களைக் கொண்டது அது. அதன் அருகிலேயே 1870இல் கொழும்பு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1880இல் அது இலங்கை மருத்துவக் கல்லூரியாயிற்று. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் மருத்துவ பீடமாக மாறியது. ஆகவே மேலைநாட்டு மருத்துவ அறிவு இந்நாட்டுக்குள் நுழைந்து நிலைபெற்ற வாயில்களுள் இப்பகுதி தலையாயது எனலாம். அவ்வாயிலின் இருபுறத்தும் நெருக்கமான தெருக்களும், தோட்டம் என்று கொழும்பு மக்கள் அழைக்கும் குடியிருப்புகளும், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பலரும் கலந்து வாழும் உழைக்கும் மக்கட் கூட்டமும் உள்ளன. அறிவு ஒரு புறமும் அதன் பயனை வேண்டி நிற்போர் மறுபுறமும் இவ்வளவு அண்மையில் இருக்குமிடத்து, இரண்டுக்கும் இடையிலான இடைவெளி தெளிவாகவே புலப்படும்.

மரபு மருத்துவத்தில் முன்னறிவு

நோயின் முடிவை முன்னறிதல் மருத்துவத்தின் மிகப் பழைய கடமைகளுள் ஒன்று. கிரேக்கத்தில் இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் முன்னறிவு பற்றித் தனி நூலே உண்டு. சரக சங்கிதையில் இந்திரியத்தானம் என்னும் பகுதியின் பன்னிரண்டு அத்தியாயங்களும் மரணக் குறிகளையே விரிக்கின்றன. சித்த மருத்துவத்தில் நாடி பார்த்தலும், நோயைச் சாத்தியம் அசாத்தியம் எனப் பகுத்தலும் இன்றியமையாதவை. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புறுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இம்மரபு ஈழத்திலே வேரூன்றியிருந்தமைக்குச் சான்றாகும்.

இப்பழைய முன்னறிவின் சமூகப் பயனை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பிழைக்க மாட்டாதவனை முன்கூட்டியே இனங்கண்டு கொள்ளும் மருத்துவன் பழியினின்றும் தப்பலாம் என்று கிரேக்க நூல் வெளிப்படையாகவே கூறுகின்றது. தீராத நோயை மேற்கொள்பவன் பொருளையும் புகழையும் இழப்பான் எனச் சரகரும் எச்சரிக்கின்றார். அதே வேளையில், மரணக் குறிகளைக் கண்டாலும் கேளாதவிடத்து அதனை எடுத்துரைக்க வேண்டாம் என்றும் சரக சங்கிதை விதிக்கின்றது. ஆகவே முன்னறிவு தொடக்கத்தில் நோயாளியின் நலனுக்காக மாத்திரம் எழுந்ததன்று. மருத்துவனின் தொழிற் பாதுகாப்பும் அதனுள் அடங்கியிருந்தது. தன் பெயர் ஒன்றையே முதலாகக் கொண்டு தனித்துத் தொழில் செய்த மருத்துவனுக்கு அது இயல்பானதே. இவ்விரட்டைத் தன்மை பின்னைய காலத்திலும் முற்றாக நீங்கிவிடவில்லை என்பதை மேலே காண்போம்.

எமது மக்கள் வழக்கிலும் ஒரு முன்னறிவு உண்டு. இறக்குந் தறுவாயில் உள்ளவர் இடைவிட்டு இடைவிட்டு, தொண்டையில் ஒலியெழ, மூச்சை இழுப்பதை யாழ்ப்பாணத்தார் சேடம் இழுத்தல் என்பர். அக்குறி தோன்றியவுடன் பரியாரியாரைக் கூப்பிடுவதை விடுத்து உறவினரைக் கூப்பிடுவதும், வாயிலே பால் பருக்குவதும் வழக்கம். நெடுநாட் படுக்கையிற் கிடந்து முதுமையால் மடிபவரைப் பொறுத்தமட்டில் இவ்வழக்கம் கனிவும் பண்பும் உடையது. அதனை இகழ்தல் எமது நோக்கமன்று. ஆனால் திடீரென இருதயம் நின்று வீழ்ந்தவரிடத்தும் முதற் சில நிமிடங்களில் இதையொத்த மூச்சிழுப்புத் தோன்றுவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடைபெற்று 2008இல் வெளிவந்த ஆய்வொன்றில், இவ்வாறு மூச்சிழுத்தவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 28 பேர் உயிருடன் வீடு திரும்பினர். மூச்சிழுக்காதவருள் அவ்வாறு திரும்பியோர் நூற்றுக்கு 8 பேரே. முடிவின் அடையாளம் என்று தலைமுறை தலைமுறையாகக் கொள்ளப்பட்ட குறி, பிறிதொரு சூழலில் உடனடியாகக் கைவைக்க வேண்டியதன் அடையாளமாகின்றது. பால் பருக்கும் அந்தச் சில நிமிடங்களே மார்பை அழுத்த வேண்டிய நிமிடங்களுமாகும். குறி ஒன்றாயினும், அதன் பொருளைத் தீர்மானிப்பது அதைக் கண்டவர் அடுத்துச் செய்யும் செயலே.

வணிக நகரங்களும் மீட்புச் சங்கங்களும்

நவீன உயிர்மீட்பின் தோற்றம் வைத்தியசாலையில் நிகழவில்லை, நீர்க்கரையில் நிகழ்ந்தது. 1740இல் பாரிசு விஞ்ஞானக் கழகம், நீரில் மூழ்கியோருக்கு வாயோடு வாய்வைத்து ஊதுமாறு பரிந்துரைத்தது. 1767இல் அம்சுடர்டாமிலும் 1774இல் இலண்டனிலும் மூழ்கியோரை மீட்கும் சங்கங்கள் தோன்றின. இவ்விரு நகரங்களும் அக்காலத்தின் பெரும் வணிகத் துறைமுகங்கள். கால்வாய்களும் ஆறும் நகரத்தின் உற்பத்தி வாழ்வோடு பிணைந்திருந்தன. நீரில் வீழ்ந்து மடிந்தோருட் பெருந்தொகையினர் படகோட்டிகளும் துறைமுகத் தொழிலாளரும் ஆவர். மீட்க முயன்றவருக்கும், உடலைத் தம் விடுதிக்குள் இட அனுமதித்தவருக்கும் இலண்டன் சங்கம் சன்மானம் வழங்கியது. மக்களிடையே நிலவிய தயக்கத்தை உடைப்பதற்குப் பொருளாதார ஊக்குவிப்பு வேண்டியிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

சங்கங்கள் சம்பவங்களைப் பதிவு செய்தன. பதிவு இருந்தமையால் ஒப்பீடு செய்ய முடிந்தது. 1788இல் சார்ல்சு கைற் என்னும் ஆங்கில மருத்துவர் இப்பதிவுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, மீண்டவரையும் மீளாதவரையும் ஒப்பிட்டு, வீழ்ந்ததற்கும் உதவி கிடைத்ததற்கும் இடைப்பட்ட காலமே முதன்மையான காரணி என்ற முடிவுக்கு வந்தது. உடலில் உயிர் எஞ்சியுள்ளதா என்று அறிவதற்கு மின்சாரத்தைப் பயன்படுத்தலாம் என்றும் அவர் கருதினார். உயிர்மீட்பின் விளைவைத் தொகுத்த பதிவுகளைக் கொண்டு முன்னறிய முயன்ற ஆதி முயற்சிகளுள் இது ஒன்று. மருத்துவனின் தனிக்கண்ணுக்குப் புலனாகும் குறியின் இடத்தை நிகழ்ச்சிகளின் தொகை பெறத் தொடங்குகின்றது. ஈண்டு ஒன்று மனங்கொளத்தக்கது. கைற் கண்டறிந்த முதன்மைக் காரணி நோயாளியின் உடலில் இருக்கவில்லை. உதவி வந்து சேர்ந்த வேகத்தில் இருந்தது. அதாவது அது ஒரு சமூக அளவு.

1960உம் அதன் பின்னும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கைகளை உயர்த்தியும் முதுகை அழுத்தியும் செய்யப்பட்ட பல செயற்கைச் சுவாச முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைந்தன. நின்ற இருதயத்தை மீட்க மார்பைப் பிளந்து கையாற் பிசைதலே சத்திரசிகிச்சையாளர் கைக்கொண்ட வழியாக இருந்தது. 1947இல் குளோட் பெக் கிளீவ்லாந்தில் திறந்த மார்பினுள் மின்னதிர்வு கொடுத்துப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றினார். 1956இல் போல் சோல் மார்பைத் திறவாமலே மின்னதிர்வு கொடுக்கலாம் எனக் காட்டினார். 1958ஐ அண்டிய ஆண்டுகளில் பீற்றர் சாபரும் யேம்சு இலாமும் வாய்வழி ஊதுதலின் மேம்பாட்டை நிறுவினர். 1960 யூலையில் யோன்சு கொப்கின்சு நிறுவனத்தைச் சேர்ந்த கூவன்கோவன், யூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவரும் மார்பைத் திறவாது வெளியிலிருந்தே அழுத்தும் முறையை வெளியிட்டனர். அதன் பின்னர் உயிர்மீட்பு சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு மாத்திரம் உரியதாக இருக்கவில்லை. இரு கைகள் உள்ள எவரும் செய்யக்கூடியதாயிற்று.

அம்மூவரின் கட்டுரையில் இருபது நோயாளருட் பதினால்வர், அதாவது நூற்றுக்கு எழுபது பேர், பிழைத்தனர். அந்நோயாளருட் பலர் வைத்தியசாலையினுள், மயக்க மருந்தின் போது இருதயம் நின்றவர்கள். அருகில் மருத்துவர் நின்றனர், கருவிகள் ஆயத்தமாய் இருந்தன. இந்நிலை மாறி, வைத்தியசாலையில் இறக்கும் அனைவருக்கும் இம்முறை பொதுவானபோது எண்ணும் மாறியது. 1983இல் பொசுற்றன் நகரின் வைத்தியசாலை ஒன்றிலிருந்து வெளிவந்த ஆய்வில் 294 நோயாளருள் நூற்றுக்கு 14 பேரே வீடு திரும்பினர். ஆயினும் பொதுமக்களின் எதிர்பார்ப்பு வேறாக இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகங்களை ஆராய்ந்த 1996ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, திரையில் மீட்கப்பட்டவருள் மூன்றில் இரு பங்கினர் வீடு திரும்புவதாகக் காட்டப்பட்டனர் என எடுத்துரைத்தது. உயர்ந்த நம்பிக்கைக்கும் தாழ்ந்த விளைவுக்கும் இடையில் மருத்துவர் சிக்கிக்கொண்ட இக்காலத்திலேயே முன்னறிவுப் புள்ளித்திட்டங்கள் தோன்றலாயின. 1980களின் இறுதி தொட்டு, நோயாளியின் வயது, புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, குருதி அமுக்கம் முதலியவற்றைக் கூட்டிப் புள்ளியிடும் பல திட்டங்கள் முன்வைக்கப்பட்டன. 2013இல் வெளிவந்த திட்டமொன்று ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வைத்தியசாலை நோயாளரின் பதிவுகளைக் கொண்டு 13 காரணிகளை நிறுவியது.

இப்புள்ளித்திட்டங்கள் யாவும் இருதயம் நிற்பதற்கு முன்னிருந்த உடல்நிலையை அளப்பவை. உயிர்மீட்பு நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த நிமிடமும் தொடர்வதா விடுவதா எனத் தீர்மானிக்க இவை நேரடியாக உதவமாட்டா. அதற்கு வேறு அளவு தேவைப்பட்டது.

வெளிமூச்சின் அளவு

அத்தேவையை நிறைவு செய்ய வந்தது வெளிமூச்சிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவாகும். அதன் அடிப்படை எளிது. உடலின் இழையங்களில் உண்டாகும் காபனீரொட்சைட்டு குருதியோட்டத்தினாலேயே நுரையீரலை அடைகின்றது. இருதயம் நின்றால் குருதி ஓடாது. குருதி ஓடாவிடின் வெளிமூச்சில் அவ்வாயு குறையும். மார்பழுத்தம் நன்கு நிகழ்ந்தால் அது ஓரளவு உயரும். இருதயம் தானே துடிக்கத் தொடங்கினாற் சடுதியாக உயரும். 1978இல் கலெண்டா என்பார் மார்பழுத்தத்தின் பயனை இவ்வாறு அளக்கலாம் எனச் சுட்டினார். 1988இல் வெளிவந்த ஆய்வொன்று அதனை மேலும் உறுதிப்படுத்தியது. 1997இல் வெளியான ஆய்வில், வைத்தியசாலைக்கு வெளியே இருதயம் நின்ற 150 பேரிடம் இருபதாவது நிமிடத்தில் இவ்வளவு எடுக்கப்பட்டது. இரச அளவில் 10 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ இருந்தவருள் ஒருவரேனும் உயிருடன் வைத்தியசாலையிற் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்ட 35 பேரிடத்தும் அளவு அதனினும் கூடியிருந்தது.

இது வியத்தகு முடிவு. எனினும் இவ்வெண் எதனை அளக்கின்றது என நாம் வினவ வேண்டும். அது நோயாளியின் நிலையை மாத்திரம் அளக்கவில்லை. அழுத்துபவரின் உழைப்பையும் சேர்த்தே அளக்கின்றது. வளர்ந்தோருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது ஐந்து சதமமீற்றர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பது விதி. களைத்த கைகள் அழுத்தினால் அளவு வீழும். ஒடுக்கமான படிக்கட்டிலோ, ஓடும் வண்டியிலோ அழுத்தினாலும் வீழும். அப்போது நோயாளி இறந்துகொண்டிருக்கிறார் என்று கருவி கூறுவதாக நாம் கொண்டால், உதவியின் குறையை உடலின் குறையாகக் கணக்கிட்டவராவோம். 2015இல் அமெரிக்க இருதயச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டல், சுவாசக் குழாய் இடப்பட்ட நோயாளரிடத்து மாத்திரம், அதுவும் வேறு சான்றுகளோடு சேர்த்தே, இவ்வளவை நோக்க வேண்டும் என்றும், இதனை மாத்திரம் கொண்டு முடிவெடுத்தலாகாது என்றும் எச்சரித்தமை இங்கு நினைக்கத்தக்கது.

காலமும் இத்தகையதே. 2012இல் வெளியான பேராய்வு ஒன்று 435 அமெரிக்க வைத்தியசாலைகளில் 64,339 நோயாளரை நோக்கியது. முயற்சியை நெடுநேரம் தொடரும் வழக்கமுடைய வைத்தியசாலைகளிலே பிழைத்தோர் வீதம் கூடியிருந்தது. முன்னவற்றில் இடைநிலைக் காலம் 25 நிமிடம், விரைவில் நிறுத்துபவற்றில் 16 நிமிடம். ஆகவே பதினாறாம் நிமிடத்தில் ஒருவர் இறந்தார் என்பதன் பொருள் யாது? உடல் இறந்தது என்பதா, முயற்சி நிறுத்தப்பட்டது என்பதா? பிழைக்கமாட்டார் எனக் கருதி நிறுத்தப்பட்டவர் பிழைக்காதவராகவே பதிவேட்டில் இடம்பெறுவார். அப்பதிவேட்டிலிருந்து பெறப்படும் விதி அக்கருத்தையே மெய்ப்பிக்கும். தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் முன்னறிவு என்பது இதுவே. பழைய மருத்துவன் தீராதவனைத் தொடாது விட்டுத் தன் வாக்கை மெய்ப்பித்தான். புதிய எண்ணிலும் அந்நிழல் உண்டு. இன்று கணினி பல்லாயிரம் பதிவுகளைப் படித்துத் தானே விதி வகுக்கும் முறைகளும் வந்துள்ளன. கணினி படிப்பது மனிதர் நிறுத்திய இடங்களைத்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

ஒன்ராறியோவின் விதியும் மருதானையின் தெருவும்

இனி எமது மைய வினாவுக்கு வருவோம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1,240 நோயாளரைக் கொண்டு சோதிக்கப்பட்டு 2006இல் வெளியான விதியொன்று உலகெங்கும் பேசப்படுகின்றது. மூன்று நிபந்தனைகள் ஒருங்கே பொருந்தினால், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லாது முயற்சியை நிறுத்தலாம் என்பது அவ்விதி. முதலாவது, குருதியோட்டம் மீளவில்லை. இரண்டாவது, மின்னதிர்வு எதுவும் கொடுக்கப்படவில்லை. மூன்றாவது, இருதயம் நின்றதை அவசர சிகிச்சை உத்தியோகத்தர் நேரிற் காணவில்லை. நிறுத்தலாம் என இவ்விதி குறித்த 776 பேருள் நால்வர் மாத்திரமே பிழைத்தனர். அம்மாகாணத்தைப் பொறுத்தமட்டில் இது நேர்மையான, பயன்மிக்க விதி. வீண் முயற்சியினின்றும் உறவினரைக் காத்து, வண்டிகளைப் பிறருக்காக விடுவிப்பது.

ஆனால் இவ்விதியை மருதானையின் ஒரு தோட்டத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒருவர் வீட்டிலே வீழ்கின்றார். அயலவர் அவரை முச்சக்கர வண்டியில் ஏற்றுகின்றனர். வண்டியினுள் மார்பை அழுத்த இடமில்லை, அழுத்தத் தெரிந்தவரும் இல்லை. ஆகவே குருதியோட்டம் மீள்வதற்கு வாய்ப்பே எழவில்லை: முதல் நிபந்தனை பொருந்திவிட்டது. மின்னதிர்வுக் கருவி அவ்வண்டியில் இல்லை. ஆகவே அதிர்வு கொடுக்கப்படவில்லை: இரண்டாவதும் பொருந்திவிட்டது. பயிற்றப்பட்ட உத்தியோகத்தர் எவரும் உடனிருக்கவில்லை: மூன்றாவதும் பொருந்திவிட்டது. ஒன்ராறியோவில் அம்மூன்று நிபந்தனைகளும் உடலைப் பற்றிய செய்திகள். அங்கே மின்னதிர்வு கொடுக்கப்படவில்லை என்றால், கருவி வந்து சேர்ந்தது, பொருத்தப்பட்டது, அதிர்வுக்கு உரிய இருதய இயக்கம் இல்லை எனக் கருவி காட்டிற்று என்பது பொருள். இங்கே அதே சொற்றொடருக்குக் கருவி வரவில்லை என்பதே பொருள். விதியின் சொற்கள் மாறவில்லை. ஆனால் ஓரிடத்தில் உயிரியலைச் சுட்டிய சொற்கள் மற்றோரிடத்தில் வறுமையைச் சுட்டுகின்றன. அவ்விதியைக் கண்ணை மூடிக்கொண்டு கைக்கொள்ளின், வசதியின்மை என்னும் சமூகக் குற்றம் மருத்துவத் தீர்ப்பு என்னும் போர்வையுள் மறைந்துவிடும்.

இதற்கு மாறாக, வசதிகள் வளர்ந்து வருகின்றன என்பதையும் நாம் நேர்மையுடன் குறிப்பிட வேண்டும். 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தில் இயங்கும் இலவச நோயாளர் காவுவண்டிச் சேவையான சுவசெரிய, இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. 2018 யூலையில் யாழ்ப்பாணத்தில் வட மாகாணச் சேவை தொடங்கி வைக்கப்பட்டது. அதே ஆண்டில் இச்சேவைக்கெனத் தனிச்சட்டமும் நிறைவேறியது. பின்னர் நாடு முழுவதும் அது விரிவுற்றது. அவசர மருத்துவம் தனித்துறையாகப் பட்டப்பின் கல்வியில் இடம்பெற்றதும் கடந்த பதினைந்து ஆண்டுகளின் வளர்ச்சியே. ஆகவே முச்சக்கர வண்டியில் வருபவரும், பயிற்றப்பட்டோரின் வண்டியில் வருபவரும் ஒரே வாயிலில் இன்று வந்து சேர்கின்றனர். இருவரையும் ஒரே விதியால் அளத்தல் எவ்வாறு பொருந்தும்?

இவ்வேறுபாடு ஆசியா முழுவதற்கும் பொதுவானது. யப்பான், கொரியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்வான், தாய்லாந்து, துபாய் ஆகிய இடங்களிலிருந்து 66,780 நிகழ்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், பிழைத்து வீடு திரும்பியோர் வீதம் நூற்றுக்கு 0.5 முதல் 8.5 வரை வேறுபட்டது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பதினேழு மடங்கு வேறுபாடு. மனிதரின் இருதயம் நாட்டுக்கு நாடு இவ்வளவு மாறுபடுவதில்லை. மாறுபடுவன சாலை, தொலைபேசி, பயிற்சி, கருவி, அயலவரின் துணிவு என்பனவே. தீவிர சிகிச்சைத் துறையில் இவ்வுண்மை ஏற்கனவே உணரப்பட்டுள்ளது. செல்வ நாடுகளில் உருவான புள்ளித்திட்டங்கள் இங்கு கிடைக்காத பரிசோதனைகளை வேண்டி நிற்பதனால், இலங்கை உட்பட்ட தெற்காசிய நாடுகளின் நோயாளர் பதிவுகளைக் கொண்டு எளிய முன்னறிவு முறையொன்று வகுக்கப்பட்டு 2017இல் வெளியிடப்பட்டது. இருதய நிறுத்தத்துக்கும் அத்தகைய பணி வேண்டப்படுகின்றது.

மொழியும் தீர்ப்பும்

முன்னறிவு என்பது அறிதலோடு முடிவதன்று. அது சொல்லப்பட வேண்டியது. எவருடைய மொழியிற் சொல்லப்படுகின்றது என்பதும் வரலாற்று வினாவே. அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கை வந்து மானிப்பாயில் மருத்துவக் கல்வி புகட்டினார். பின்னர் தமிழையே போதனா மொழியாக்கி, உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, பிரசவ மருத்துவம் முதலிய துறை நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் 1873இல் நாடு திரும்பினார். அதற்கு மூன்றாண்டு முன்னரே கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கில மூலம் தொடங்கியிருந்தது. அதன்பின் இலங்கையில் மருத்துவ அறிவு ஆங்கிலத்திலும், நோயாளியின் துயரம் சிங்களத்திலும் தமிழிலுமாக இருவேறு வழிகளிற் சென்றன. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் அரசாங்க நிறுவனங்களின் வாயிலில் தமிழ் பேசுவோரின் இடர்ப்பாட்டை மேலும் கூட்டியது. 1987இல் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சட்டம் ஏட்டில் ஏறுவதற்கும் அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலை அடைவதற்கும் இடையிலான தூரம் சிறிதன்று.

இது உணர்ச்சி பற்றிய விடயம் மாத்திரமன்று, விளைவு பற்றியதுமாகும். நோயாளி எப்போது வீழ்ந்தார், வீழ்ந்ததை யார் கண்டார், மூச்சு இழுத்தாரா, எவரேனும் மார்பை அழுத்தினரா என்னும் வினாக்களுக்கான விடையே முன்னறிவின் மூலப்பொருள். அவ்வினாக்கள் உடன்வந்தவரின் மொழியிற் கேட்கப்படாவிடின், பதிவேட்டில் அவ்விடங்கள் வெறுமையாகும், அல்லது தவறாக நிரப்பப்படும். சேடம் இழுத்தார் என்று ஒரு தாய் கூறுவதைச் சுவாசம் இருந்தது என மொழிபெயர்த்து எழுதினால், இருதயம் நின்ற நேரமே பிழையாகிவிடும். தொலைபேசியில் மார்பை அழுத்தும் முறையைக் கூறும்போதும் அவ்வாறே. அழைத்தவர் தாய்மொழியிற் கேட்டு உடன் செயற்படும் ஒரு நிமிடமும், விளங்காது தயங்கும் ஒரு நிமிடமும் சமமல்ல.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, உயிர்மீட்பின் விளைவை முன்னறிதல் நோயாளியின் உடலைப் படிப்பதாகத் தோன்றினும், எப்போதும் அவரைச் சூழ்ந்த சமூகத்தையும் சேர்த்தே படிக்கின்றது. இரண்டாவதாக, ஒரு சமூகத்திற் பிறந்த விதியின் நிபந்தனைகள் மற்றொரு சமூகத்தில் வசதியின்மையாலேயே பொருந்திவிடலாம். அவ்விடத்து அவ்விதி பேசுவது மருத்துவமன்று. மூன்றாவதாக, விதியை வகுக்கும் பதிவேட்டினுள் முன்னைய தீர்ப்புகள் படிந்துள்ளன.

எனவே முன்னறிவே வேண்டாம் என்பது எமது கருத்தன்று. பயனற்ற முயற்சியை முடிவின்றி நீட்டி, உறவினருக்குப் பொய் நம்பிக்கை ஊட்டுவதும் ஒருவகைக் கொடுமையே. ஆனால் முன்னறிவு மாற்றத்தக்கது என்பதை டென்மார்க்கின் அனுபவம் நிறுவுகின்றது. அந்நாட்டில் 2005 முதல் பாடசாலைகளில் உயிர்மீட்புப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவோருக்கும் பயிற்சி விதிக்கப்பட்டது. கருவிகள் பொது இடங்களில் வைக்கப்பட்டன. 2001இல் நூற்றுக்கு 21 ஆக இருந்த அயலவர் உதவி 2010இல் 45 ஆயிற்று. முப்பது நாள் பிழைத்திருந்தோர் நூற்றுக்கு 3.5இலிருந்து 10.8 ஆயினர். 2001இன் எண்களைக் கொண்டு எழுதப்பட்ட எந்த முன்னறிவும் 2010இல் பொய்யாகியிருக்கும். அதனைப் பொய்யாக்கியவர்கள் மாணவர்கள், சாரதிகள், கடைக்காரர் ஆகிய சாதாரண மக்களே.

கொழும்பில் இப்பணியை எங்கிருந்து தொடங்குவது? 1990இல் நோர்வேயின் உட்சுடைன் மடத்திற் கூடிய அறிஞர் வகுத்து, 1991இல் வெளியிட்ட பொதுப் பதிவு முறை ஒன்று உண்டு. அதனைத் தழுவி, எம் வாயிலுக்கு ஏற்பச் சில வினாக்களைச் சேர்த்து, சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பதிவுத் தாள் ஆக்கப்பட வேண்டும். எந்த வண்டியில் வந்தார், வீழ்ந்து எவ்வளவு நேரம், யார் அழுத்தினார், எப்போது அழுத்தினார், முயற்சி ஏன் நிறுத்தப்பட்டது என்பன அதில் இடம்பெற வேண்டும். இறுதி வினாவே இன்றியமையாதது. மரணம் நேர்ந்த நேரத்தை மாத்திரம் எழுதாது, நிறுத்தியதற்கான காரணத்தையும் எழுதும் வழக்கம் வந்தால், எமது தீர்ப்புகளை நாமே பின்னர் படித்துத் திருத்த முடியும். மருதானை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய இடங்களிலுள்ள பாடசாலைகளின் மேல்வகுப்பு மாணவருக்கு மார்பழுத்தம் பயிற்றுவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆசிரியர் ஒருவரும் பயிற்சிப் பொம்மை ஒன்றும் போதும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் மருத்துவ மாணவரும் கூடி அப்பயிற்சிக்கான தமிழ்க் கைந்நூல் ஒன்றை ஆக்கலாம். கிறீனும் அவர் மாணவரும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மானிப்பாயில் மேற்கொண்ட பணியின் தொடர்ச்சியாக அது அமையும். இந்நாட்டு நோயாளரைப் பற்றிய முன்னறிவு இந்நாட்டு நோயாளரின் பதிவுகளிலிருந்து பெறப்படும் வரையில், பிற நாட்டு எண்களை நாம் கற்கலாம், ஒப்பிடலாம். அவற்றைக் கொண்டு ஒருவரின் மார்பிலிருந்து கையை எடுத்தல் தகாது.